வயிறு தெரியும் முன்பே வரும் அசதி

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். முதல் குழந்தை, பத்தாவது வாரம். வாந்தி அதிகம் இல்லை. ஆனால் காலையில் எழும்போதே களைப்பு. மதியம் மூன்று மணிக்கு அலுவலக மேசையிலேயே கண் செருகுகிறது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறீர்கள். ஹீமோகுளோபின் 11.4, டாக்டர் நார்மல் என்றார். வீட்டில், "இப்பவே இப்படின்னா ஒன்பதாம் மாசம் என்ன பண்ணுவே?" என்கிறார்கள். இது சோம்பலா, சத்துக்குறைவா, என்ன செய்தால் சரியாகும்?

சோம்பல் இல்லை. மகப்பேறு பிரிவில் நர்ஸாக இருக்கும் இத்தனை வருஷத்தில், அசதியோடு வந்தவர்களைவிட, "இப்படி அசதியாக இருக்கிறோமே" என்ற குற்ற உணர்வோடு வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டில் போடும் கணக்கும் தப்பு. வயிறு பெரிதாகப் பெரிதாகத்தான் அசதி ஏறும் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் பெரும்பாலானவர்களை முதல் மூன்று மாதம்தான் அடித்துப் போடும். நடு மூன்று மாதம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கடைசியில் வேறு முகத்தோடு திரும்பி வரும். வயிறே தெரியாத மாதத்து அசதி யார் கண்ணிலும் படுவதில்லை, அதனால் யாரும் எழுந்து இடம் கொடுப்பதும் இல்லை.

என் முதல் கர்ப்பத்தில் ஒன்பதாவது வாரமோ என்னவோ, பிரஷில் பேஸ்டைப் பிதுக்கிவிட்டு, ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று கட்டில் ஓரத்தில் சாய்ந்தேன். கண் விழித்தபோது பிரஷ் மடியில் கவிழ்ந்து கிடந்தது, நைட்டியில் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. ஓய்வு எடுங்கள் என்று கர்ப்பிணிகளுக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? முதலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். கருப்பையின் தசை சுருங்காமல் அமைதியாக இருக்க இது வேண்டும், அதனால் ஆரம்ப வாரங்களிலேயே மளமளவென்று ஏறுகிறது. இது உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், தூக்க மருந்துகள் பலவும் மூளையில் எந்த இடத்தில் வேலை செய்கின்றனவோ அங்கேயே போய் உட்காருகிறது. உங்களுக்கு மூன்று மணிக்குக் கண் செருகுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்தது நஞ்சுக்கொடி. இதுவரை உங்கள் உடலில் இல்லாத ஓர் உறுப்பை இந்த மூன்று மாதத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவது ரத்த ஓட்டம். இதயம் ஒரு நிமிஷத்துக்கு வெளியே தள்ளும் ரத்தம் கர்ப்ப காலத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, இதில் பெரும்பகுதி முதல் பாதியிலேயே கூடிவிடும். ரத்தக் குழாய்கள் தளர்வதால் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 10 முதல் 20 வரை ஏறும். நீங்கள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதாக மற்றவர்கள் நினைக்கும்போது உங்கள் இதயம் சும்மா இல்லை.

அதனால் இந்த அசதியை ஜெயிக்கப் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அதற்கு இடம் கொடுங்கள். அதே சமயம், இதற்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் கறாராகப் பாருங்கள். "கர்ப்பம்னா அப்படித்தான்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவது, "உனக்குச் சோம்பல்" என்பதைப் போலவே தப்பான பதில்.

இடம் கொடுப்பது என்றால் முதலில் தூக்கம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் எழும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியாது, கையில் இருப்பது படுக்கும் நேரம் ஒன்றுதான். அதை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். பகலில் முடிந்தால் 20, 30 நிமிஷத் தூக்கம், மூன்று மணிக்கு முன்னால். அலாரம் வைத்துக்கொண்டு மேசையில் தலை சாய்த்தாலும் போதும், தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடியிருந்தது கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும், இரவுத் தூக்கமும் கெடும். கண் செருகுகிற நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அடுத்தது வேலையை மாற்றி அடுக்குவது. எந்த நேரத்தில் கொஞ்சமாவது தெம்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பலருக்கு அது காலை பத்திலிருந்து பன்னிரண்டு. மூளையைக் கசக்கும் வேலை அந்த நேரத்துக்கு, மற்றதெல்லாம் மதியத்துக்கு. பன்னிரண்டு வாரம் முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் மாதங்களும் அவைதான். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், மேலதிகாரியாகவோ பக்கத்து மேசைத் தோழியாகவோ நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

வீட்டில் கேட்கும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்களேன்" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பாத்திரம் அப்படியே கிடக்கும். "ராத்திரிப் பாத்திரம் இனிமே உங்க பொறுப்பு, துணி காயப்போடுறதும்தான்" என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ஒப்படைத்த வேலை நீங்கள் செய்வது போல நடக்காது. பாத்திரத்தில் பிசுக்கு இருந்தாலும் எழுந்துபோய்த் திரும்பத் தேய்க்காதீர்கள்!

சாப்பாட்டில், வயிறு காலியாக இருந்தால் அசதியும் குமட்டலும் சேர்ந்து வரும். மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதைவிட, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் ஏதாவது புரதம் இருக்கும்படி: பருப்பு, பயறு, முட்டை, கொட்டை வகை, தயிர், எது இறங்குகிறதோ அது. இனிப்பை மட்டும் தின்றால் அரை மணி நேரம் தெம்பு, அப்புறம் முன்பைவிடச் சோர்வு. "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பார்கள். முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி கிட்டத்தட்டத் தேவையே இல்லை. நடு மூன்று மாதத்தில் நாளைக்குச் சுமார் 340, கடைசியில் 450 கலோரி, அவ்வளவுதான்.

காபியை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டாமல் இருக்கச் சொல்வார்கள். ஒரு பெரிய கோப்பை இன்ஸ்டன்ட் காபியில் சுமார் 100, டீயில் சுமார் 75 இருக்கும். கோலா பானத்திலும் சாக்லேட்டிலும் உள்ளதையும் கூட்டிக்கொள்ளுங்கள். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். காஃபீன் உடலில் பாதியாகக் குறைய சாதாரணமாக ஐந்து மணி நேரம் ஆகுமென்றால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டும். மாலை நாலு மணிக் காபி நள்ளிரவிலும் உங்களோடு விழித்திருக்கும்.

நடக்கச் சொன்னால் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனாலும் பத்து நிமிஷம் நடந்துவிட்டு வந்தால் படுத்தே கிடந்ததைவிட உடம்பு லேசாக இருப்பது உண்மை. டாக்டர் தடை சொல்லாதவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்பது பொதுவான பரிந்துரை. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி, பேச்சு திணறினால் குறைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வாரத்தில் அந்த 150ஐ எட்டாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இனி 11.4க்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பார்கள், நடு மூன்று மாதத்தில் மட்டும் அந்த எல்லை 10.5. ஆகவே டாக்டர் நார்மல் என்றது சரிதான். ஆனால் ஹீமோகுளோபின் என்பது கையில் புழங்கும் பணம். உடலின் சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை. சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதே ஹீமோகுளோபின் இன்னும் நார்மலாகத் தெரியலாம், அசதி மட்டும் முன்கூட்டியே வந்துவிடும். கர்ப்பத்துக்கு முன் மாதவிடாய் அதிகமாகப் போனவர்கள், அடுத்தடுத்துக் கருத்தரித்தவர்கள் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் பல டாக்டர்கள் இரும்புச்சத்துக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். ஐஸ் கட்டியைக் கறுமுறுவென்று மெல்லும் ஆசை, மண்ணையோ சாக்பீஸையோ தின்னத் தோன்றுவது, இதெல்லாமும் இரும்பு குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

முழுக் கர்ப்பத்துக்கும் சேர்த்து உடலுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போக, பெரும்பங்கு உங்கள் ரத்தத்தைப் பெருக்கவே போகிறது. ரத்தத்தின் மொத்த அளவு ஏழெட்டு மாதத்துக்குள் 40, 50 சதவீதம் கூடிவிடும். அதில் நீர்ப்பகுதி கூடும் அளவுக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை, அதனால் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப் போகிறது. ஆறாம் மாதத்தில் உங்கள் எண் இன்னும் இறங்கினால் இது நினைவிருக்கட்டும். கொஞ்சம் இறங்குவது இயல்பு, எல்லையைத் தாண்டினால்தான் சிகிச்சை.

உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பது தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். நான் சொல்ல வேண்டியது எப்படி விழுங்குவது என்பதை, ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான். ஒருமுறை ஏழாம் மாதத்தில் ஒரு பெண் வந்தார். மூன்று மாதமாக மாத்திரை தவறவில்லை, அட்டையெல்லாம் காலி, ஆனால் ஹீமோகுளோபின் 9.2லிருந்து நகரவில்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலை டிபன் முடிந்ததும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில், அதுவும் பால் விட்ட டீயோடு. மறக்காமல் இருக்க அவரே கண்டுபிடித்த வழி அது. பாலிலும் மாத்திரையிலும் உள்ள கால்சியம் ஒரு பக்கம், டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் மறுபக்கம், இரண்டும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளினோம். இரும்பை டீக்கு இரண்டு மணி நேரம் கழித்து, புளிப்பான ஒரு பழச்சாறோடு எடுக்கச் சொன்னோம். மாத்திரையின் பெயரோ அளவோ மாறவில்லை. அடுத்த மாதம் எண் ஏறியிருந்தது.

இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் இரவு படுக்கும்முன் சிறிது சாப்பாட்டோடு எடுக்கலாம். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அலமாரியில் ஒளித்து வைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள், தேவைப்பட்டால் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும்.

இரும்பைத் தாண்டியும் காரணங்கள் உண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை வரும். இவையெல்லாம் கர்ப்பத்திலும் இருப்பவைதான் என்பதால் எளிதில் கவனம் தப்பிவிடும், டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் எடுக்காதவர்களுக்கு பி12 குறையலாம். ஓயாத தாகத்தோடு அசதி என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் பார்ப்பார்கள், சிலருக்கு முன்பே. சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று. தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, எடை குறைகிறது, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது பேசுகிறார்கள், கர்ப்ப காலத்திலேயே வருவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடல் அசதி உள்ளவர், "தூங்கி எழுந்தா நல்லா இருக்கும்" என்பார். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தூங்கி எழுந்தாலும் விடியாது. பிடித்தது எதுவும் பிடிக்காமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டு, இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். உங்களையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொதுவாகப் பன்னிரண்டு, பதினாலு வாரத்துக்குப் பிறகு அசதி குறையும். ஒருநாள் திடீரென்று விட்டுப்போகாது. இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் திரும்பப் படுத்துவிடுவீர்கள். பதினாறாவது வாரத்திலும் கொஞ்சம்கூட மாற்றமில்லை என்றால் திரும்பவும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசி மூன்று மாதத்து அசதி வேறு வகை. அப்போது தூக்கம் வரும், தூங்க விடாது. சிறுநீருக்கு நாலு தடவை, நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, உள்ளே குழந்தையின் உதை. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, அந்த அளவைப் பகலில் குடித்துவிடுங்கள். மாலையில் காலைத் தூக்கி வைத்து அரை மணி நேரம் படுத்தால், கணுக்காலில் தேங்கிய நீர் அப்போதே ரத்தத்துக்குத் திரும்பி வெளியேறும், நள்ளிரவில் எழுப்பாது. 28 வாரத்துக்கு மேல் பக்கவாட்டில் படுப்பது நல்லது, இடமோ வலமோ. மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று. தூக்கத்தில் மல்லாந்து புரண்டிருந்தால் பதற வேண்டாம், திரும்பப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டால் போதும். படுத்ததும் கால் குறுகுறுவென்று அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னால் அதற்கும் இரும்புக் குறைவோடு தொடர்பு உண்டு, சொல்லிவையுங்கள். தூக்க மாத்திரையோ, தூக்கம் வரும் அலர்ஜி மாத்திரையோ சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள்.

அசதியோடு சேர்ந்து வந்தால் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்கக் கூடாத விஷயங்கள் சில. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது, ரத்தப்போக்கு. 20 வாரத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலது பக்க விலாவுக்குக் கீழே வலி. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. உள்ளங்கை, உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு. பின்மாதங்களில் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றுவது. இவற்றில் எது வந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் கிளம்புங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதான், எங்களுக்கு அதில் எரிச்சல் கிடையாது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு விழுங்குகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபெரிட்டினும் டிஎஸ்எச்சும் பார்க்கலாமா என்பதையும் அதே தாளின் அடியில் எழுதிவிடுங்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்கும்போது வாய் வராது, தாளை நீட்டினால் படித்துவிடுவார்கள்.